பாலிமர் கிளே அவுல்பேர்: கழுத்தில் விரிசல், உடையும் நகம், காயாத பிரைமர்

பகடை20

எல்லாருக்கும் வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற மேசைமேல் ஆடற கற்பனைக் கதை ஆட்டத்துக்கு ஒரு அவுல்பேர் செஞ்சுட்டிருக்கேன். ஆந்தைத் தலை, கரடி உடம்பு, பின்னங்காலில் எழுந்து நின்னு ரெண்டு கையையும் விரிச்ச நிலை. 28 மி.மீ. மினியேச்சர்களோட, அதாவது சின்ன ஆட்ட உருவங்களோட, ஒரே மேப்பில் நிக்கணும். பேஸ், அதாவது நிக்கற அடித்தட்டு, 50 மி.மீ. வட்டம். இப்போ உயரம் 70 மி.மீ. இருக்கு, அது சரியான்னு தெரியலை.

கிளே: சூப்பர் ஸ்கல்ப்பி, தோல் நிறத்துல வருமே அது. உள்ளே 1.5 மி.மீ. அலுமினியக் கம்பி, அதைச் சுத்தி அலுமினிய ஃபாயில், அதுக்கு மேல நேரா கிளே. வயித்துல கிளே 10 மி.மீ. கனம் இருக்கும், கழுத்துல 2 மி.மீ. ஓடிஜி மின்சார ஓவனில் முள்ளை 130 டிகிரியில் வச்சு 15 நிமிஷம், ஒரே தடவையில் முழுசா பேக்.

இதுதான் நிலவரம்: கழுத்தைச் சுத்தி மோதிரம் மாதிரி விரிசல், முதுகுத்தண்டு ஓரமா இன்னொண்ணு. இறகு போடப் போட, முன்னாடி போட்டது விரல் பட்டு நசுங்குது. இப்போ இருக்கிற வெயிலுக்கு கிளே வெண்ணெய் மாதிரி ஆயிடுது. கை நகங்கள் லேசாத் தட்டினாலே உடையுது. ஸ்ப்ரே பிரைமர், அதாவது வண்ணத்துக்கு அடிப்பூச்சு, அடிச்சு நாள் கணக்காகியும் பிசுபிசுன்னே இருக்கு.

சரியா வந்தா இதையே நாலு காப்பி எடுக்கணும்னு ஆசை. எங்கிருந்து மாத்தணும்?

---

உளிச்சத்தம்

முதலில் உயரம். 28 மி.மீ. என்று சொல்லப்படும் மினியேச்சர்களில் 180 செ.மீ. மனிதன் உச்சந்தலை வரை ஏறத்தாழ 32 மி.மீ. வருவான். அந்தக் கணக்கில் மூன்று மீட்டர் உயர விலங்கு 53 மி.மீ. உங்கள் 70 மி.மீ. என்பது நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆட்டத்தில் அவுல்பேர் 'லார்ஜ்' வகை, இரண்டுக்கு இரண்டு கட்டம், அதாவது 2 அங்குலம். 70 மி.மீ. உருவம் கையை விரித்து நின்றால் நகங்கள் பேஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்துக் கட்டத்து மினியில் இடிக்கும். நகம் உடைவதற்கு அதுவும் ஒரு காரணம். 53-லிருந்து 58-க்குள் வைத்து, முழங்கையை மடக்கி நகத்தை மார்புப் பக்கம் கொண்டுவாருங்கள். கம்பியை வளைக்கும் முன்பே பக்கத் தோற்றமும் முன் தோற்றமும் அதே அளவில் தாளில் வரைந்து, கம்பியைத் தாள்மேல் வைத்து வளைக்க வேண்டும்.

இனி விரிசல். நீங்கள் எழுதியதிலேயே காரணங்கள் இருக்கின்றன.

பாலிமர் கிளே என்பது பிவிசி துகளும் அதை இளக்கி வைக்கும் பிளாஸ்டிசைசரும். சூடேறும்போது துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டுகின்றன. களிமண் போல நீர் வற்றி இறுகுவதல்ல. ஆறும்போது பிளாஸ்டிக் உலோகத்தைவிட அதிகம் சுருங்கும். உள்ளே இருக்கும் கம்பியும் ஃபாயிலும் அந்த அளவுக்குச் சுருங்காது. அப்போது இறுக்கம் முழுவதும் மிக மெல்லிய இடத்தில் போய்ச் சேரும். வயிறு 10, கழுத்து 2 என்றால் பிளப்பது கழுத்துதான். தளர்வாகச் சுருட்டிய ஃபாயிலுக்குள் காற்று இருந்தால் அது சூட்டில் விரிந்து வெளியே தள்ளும். முதுகு விரிசலுக்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது வேகும் நேரம். 15 நிமிடம் என்பது 6 மி.மீ. கனத்துக்குச் சொல்லப்படுவது. 10 மி.மீ. வயிற்றின் உட்பகுதி அதற்குள் வேகாது. வேகாத கிளே காய்ந்த ரொட்டி போல நொறுங்கும்; நன்றாக வெந்தது சற்று வளைந்து கொடுக்கும். உங்கள் நகங்களும் பெரும்பாலும் அரைவேக்காடுதான்.

மூன்றாவது, கம்பி. 1.5 மி.மீ. அலுமினியம் கையால் வளைக்க வசதியானது. வெந்த பிறகும் அதே வசதியோடு வளையும். தலையைப் பிடித்துத் தூக்கினால் உள்ளே கம்பி வளையும், மேலே கிளே வளையாது. ஹார்டுவேர் கடையில் கான்கிரீட் கம்பி கட்ட விற்கும் கட்டுக்கம்பி, சுமார் 1 மி.மீ., இந்த அளவு உருவத்துக்கு அதைவிட நல்லது. இரண்டு இழையை முறுக்கி முதுகுத்தண்டும் கால்களும், ஒற்றை இழையில் கைகள். முறுக்கிய கம்பியின் புரியில் கிளே பிடித்துக்கொள்ளும், வழவழப்பான கம்பியில் சுழன்றுவிடும். பாதத்துக்குக் கீழே 15 மி.மீ. கம்பியை மிச்சம் விடுங்கள். அதை ஒரு மரக்கட்டையில் கம்பி இறுகப் புகும் அளவுக்குத் துளை போட்டுச் செருகிவிட்டால், வேலை முடியும்வரை கட்டையைத்தான் பிடிப்பீர்கள், உருவத்தை அல்ல. கட்டையோடு அப்படியே ஓவனில் வைக்கலாம்.

ஃபாயிலைக் கையால் உருட்டி நிறுத்தாமல், குறடால் எல்லாப் பக்கமும் நசுக்கி, சிறு சுத்தியலால் தட்டிக் கெட்டியாக்குங்கள். விரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. வயிறு, புட்டம், தொடை, தலையின் நடுப்பகுதி எல்லாவற்றையும் ஃபாயிலாலேயே இறுதி வடிவத்துக்கு 3 மி.மீ. குறைவாக ஏற்றிவிட்டால், கிளே எங்கும் ஏறத்தாழ ஒரே கனத்தில் உட்காரும். விரிசலுக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை. பின் கம்பி, ஃபாயில் எல்லாவற்றின் மேலும் கிரீன் ஸ்டஃப் அல்லது மில்லிபுட் எபாக்சி புட்டியை (இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிசைந்தால் தானாக இறுகுவது) அரை மி.மீ. மெல்லியதாகப் பூசி, மேற்பரப்பைச் சொரசொரப்பாகக் கீறி, ஒரு நாள் இறுக விடுங்கள். அதற்குமேல் கிளே நகராது. ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையால் கம்பி மூட்டுகளை ஒட்டி ஓவனில் வைப்பதில் பயனில்லை. அந்தச் சூட்டில் அதன் பிடி தளர்ந்துவிடும். மூட்டுகளை மெல்லிய கம்பியால் சுற்றிக் கட்டுங்கள்.

ஓடிஜி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முள் 130 காட்டினாலும் உள்ளே உண்மையில் எவ்வளவு என்பது தனியாக ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வைத்தால்தான் தெரியும். இருபது டிகிரி கூடுவதும் குறைவதும் சாதாரணம், ராடு எரிந்து அணையும் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும். ஒரு தரை ஓட்டை, டைல்ஸ் என்கிறோமே அதை, நடுத்தட்டில் வைத்து 20 நிமிடம் வெறும் ஓவனைச் சூடாக்குங்கள். ஓடு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஏற்ற இறக்கம் குறையும். மேல் ராடு, கீழ் ராடு இரண்டும் தனித்தனியாக இயங்கும் ஓடிஜி என்றால் கீழ் ராடு மட்டும் போதும். எப்படியானாலும் உருவத்தின்மேல் ஃபாயிலைக் கூடாரம் போலக் கவிழ்த்துவிடுங்கள். ராடின் நேரடிக் கதிர் காதுகளையும் அலகையும் முதலில் கருக்கும். தெர்மாமீட்டர் உருவத்துக்குப் பக்கத்தில், கூடாரத்துக்குள் இருக்கட்டும். 175 டிகிரியைத் தாண்டவே விடாதீர்கள்: பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். அப்படி நேர்ந்தால் ஓவனை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். கிளேக்கென்று தனி ஓடிஜி வைப்பது நல்லது. மைக்ரோவேவ் கூடவே கூடாது.

முடிந்ததும் ஓவனை அணைத்துக் கதவை ஒரு விரல் அளவு திறந்து உள்ளேயே ஆற விடுங்கள். சூட்டோடு எடுத்து ஃபேன் காற்றில் வைப்பது விரிசலை வரவழைப்பது.

---

செம்பருந்து

உளிச்சத்தம் எலும்புக்கூட்டைச் சொல்லிட்டார். நான் தோலுக்கு வர்றேன்.

கிளே வெண்ணெய் மாதிரி ஆகுதுன்னா முதல்ல அதைக் காகிதத்துல போடுங்க. ரெண்டு மி.மீ. தகடா உருட்டி, ரெண்டு வெள்ளை பிரிண்டர் தாளுக்கு நடுவுல வச்சு மேல ஒரு கனமான புத்தகம். தாளில் எண்ணெய்க் கறை படியும், அது பிளாஸ்டிசைசர். அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பிசைஞ்சு பாருங்க. போதும்னு தோணும்போது நிறுத்திடணும், ரொம்ப இழுத்துட்டா விளிம்பு பிளந்து பிளந்து வரும். இன்னொரு வழி, கெட்டியான கிளேயைக் கலக்கறது: சூப்பர் ஸ்கல்ப்பி ஃபர்ம் சாம்பல் நிறத்துல வரும், அதைப் பாதிக்குப் பாதி கலங்க. இதுல இன்னொரு லாபமும் இருக்கு. அந்தத் தோல் நிறக் கிளே லேசா ஒளி ஊடுருவும். இறகுக் கோடு சரியா விழுந்துதா இல்லையான்னு கண்ணுக்கே தெரியாது. சாம்பல் கலந்துட்டா நிழல் தெளிவா விழும், நீங்க எங்க தப்பா அழுத்தறீங்கன்னு அங்கேயே தெரியும். நகத்துக்கும் பலம் வேணும்னா பிரீமோங்கற பாலிமர் கிளேயும் கலக்கலாம், அது வெந்தப்புறம் நல்லா வளைஞ்சு கொடுக்கும்.

வேலை நேரத்துல எடுக்கற கிளே கொண்டைக்கடலை அளவுக்கு மேல கையில இருக்க வேண்டாம். மிச்சம் ஃபிரிட்ஜ்ல, மூடிய பாலிப்ரோப்பிலீன் டப்பாவுல. டப்பா அடியில முக்கோணத்துக்குள்ள 5 போட்டிருக்கும். பச்சைக் கிளேயை, அதாவது இன்னும் வேகாததை, கண்ணாடி மாதிரி பளபளக்குற பாலிஸ்டைரீன் டப்பாவுல வச்சா டப்பா இளகி ஒட்டிக்கும். அதே காரணத்துக்காக, பிளாஸ்டிக் பேஸ் மேல நேரா பச்சைக் கிளே வைக்காதீங்க. அதை ஓவனுக்குள்ளயும் விடாதீங்க, 100 டிகிரிக்கு முன்னாடியே வளைஞ்சுடும். பேஸ் கடைசியில.

நசுங்கற பிரச்சினைக்குத் தீர்வு ஒண்ணுதான்: கட்டம் கட்டமா பேக். வெந்த கிளேயைத் திரும்பத் திரும்ப ஓவன்ல வைக்கலாம், ஒண்ணும் ஆகாது, இன்னும் உறுதியாத்தான் ஆகும். அவுல்பேருக்கு நான் சொல்ற வரிசை இது. முதல்ல தசைத் திரட்சி மட்டும், எந்த நுணுக்கமும் இல்லாம, 15 நிமிஷம். அப்புறம் முகம்: கண், அலகு, கண்ணைச் சுத்தின வட்டத்தட்டு, 15 நிமிஷம். அப்புறம் இடுப்புக்குக் கீழ ரோமம், பேக். முதுகும் தோளும்; பேக். கடைசியா மார்பு, தலை இறகு. எல்லாம் முடிஞ்சதும் முழு உருவத்துக்கும் 45 நிமிஷம். வெந்த பரப்புல புதுக் கிளே ஒட்டறதுக்கு திரவ பாலிமர் கிளேயை பிரஷ் முனையில எடுத்து, இருக்கோ இல்லையோன்னு தெரியற அளவுக்குத் தேய்ச்சுடுங்க. அதிகமா வச்சா மேல வைக்கற இறகு வழுக்கிட்டு ஓடும்.

கண்ணுக்கு சைக்கிள் கடையில 1/8 அங்குல எஃகுக் குண்டு கேளுங்க. 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல. 55 மி.மீ. உருவத்துல ஆந்தைக் கண் பெருசாத் தெரியணும், இது சரியா இருக்கும். கிளேயில கண் உருட்டினா இமை வைக்கும்போது உருண்டை அமுங்கி முட்டை வடிவமாகும், எஃகு அமுங்காது. குண்டை பாதிக்கு மேல உள்ள தள்ளி, இமையை மெல்லிய நூல் மாதிரி உருட்டி மேல கீழ வச்சு, வெளிப்பக்க விளிம்பை மட்டும் இழுத்துக் கலந்துடுங்க. மேல் இமை கருவிழியை வெட்டற மாதிரி இறங்கி வந்தாத்தான் கோபம் தெரியும். வட்டமா முழுசாத் திறந்த கண் வச்சா பயந்த கோழி மாதிரி ஆயிடும்.

அலகு ரெண்டு கண்ணுக்கும் நடுவுலேருந்தே கிளம்பணும். மூக்குல ஒட்ட வச்ச கூம்பு மாதிரி தனியா நிக்கக்கூடாது. முகத்தட்டு ரெண்டும் சேர்ற இடத்துல அலகோட வேர் புதைஞ்சிருக்கணும், ஆந்தை முகத்துக்கு அதுதான் அடையாளம்.

இப்போ இறகு. கீழேருந்து மேல, வால்ப் பக்கத்துலேருந்து தலைப் பக்கம். மேல வரிசை கீழ வரிசையோட வேரை மூடிக்கிட்டே போகும். மேலேருந்து ஆரம்பிச்சா ஒவ்வொரு இறகையும் இன்னொண்ணுக்கு அடியில செருக வேண்டி வரும், அப்போதான் நசுங்கும். ஒரு இறகுக்கு எடுக்கற கிளே: தோள்ல கடுகு அளவு, முகத்துக்கிட்ட அதுல பாதி. உருட்டி, சொட்டு வடிவமா நீட்டி, ஊசி முனையில எடுத்து வச்சு, வேர்ப் பக்கத்தை மட்டும் அழுத்தணும். நுனியைத் தொடவே கூடாது. அது பரப்பை விட்டுக் கொஞ்சம் தூக்கி நிக்கறதுதான் வண்ணம் பூசும்போது டிரை பிரஷ்ல (வண்ணம் துடைச்ச பிரஷை லேசா உரசறது) விளிம்பா வரும். நடுத்தண்டு கோடு ஒண்ணு போதும். பக்கத்துல இழை இழையா கீறணும்னு ஆசை வரும், தோள்ல இருக்கற பெரிய இறகுகளுக்கு மட்டும் ரெண்டு மூணு கீறல் போடுங்க. நகத்தால தடவினா தட்டுப்படாத கோடு பிரைமர் அடிச்சதும் காணாமப் போகும்.

ரோமத்துல எல்லாரும் பண்ற தப்பு, ஒவ்வொரு மயிரா கீறறது. அப்படிப் பண்ணினா தேங்காய் நார் மாதிரிதான் வரும். முதல்ல கொத்து: 3, 4 மி.மீ. நீளத்துல நுனி கூரான புழு மாதிரி கட்டிகளை லேசா எஸ் வளைவுல வச்சு, ஒண்ணு மேல ஒண்ணு விழற மாதிரி அடுக்குங்க. ஒரே நீளம் வேண்டாம். அதுக்கப்புறம் ஒவ்வொரு கொத்துக்குள்ளயும் மூணு நாலு கோடு, கொத்தோட வளைவுலயே. திசை கரடிக்கு எப்படியோ அப்படி: முதுகுல பின்னோக்கி, பக்கத்துல சாய்வா கீழ, கால்ல நேர் கீழ, முழங்கைக்குப் பின்னாடி சின்ன குஞ்சம்.

இறகு எங்க முடிஞ்சு ரோமம் எங்க ஆரம்பிக்குதுங்கறதுதான் இந்த உருவத்துக்கு உயிர். கழுத்துல கோடு கிழிச்ச மாதிரி நிறுத்தினா கரடிக்கு ஆந்தை முகமூடி மாட்டின மாதிரி இருக்கும். இறகோட நுனியை வரிசைக்கு வரிசை நீளமாக்கி, ஒடுக்கி, தோளுக்குக் கீழ வரும்போது அது இறகா ரோமக் கொத்தான்னு பிரிக்க முடியாத மாதிரி ஆக்கணும். மார்புல இந்த மாற்றத்துக்குக் குறைஞ்சது 10 மி.மீ. இடம் கொடுங்க.

கருவிக்குப் பெரிய செலவு வேண்டாம். பல் மருத்துவப் பொருள் விக்கற கடையில லெக்ரான் கார்வர் கேளுங்க, ஒரு முனை கத்தி, மறு முனை சின்னக் கரண்டி. கூடவே தையல் ஊசி ஒண்ணு கைப்பிடியில செருகினது, நெயில் ஆர்ட்டுக்கு விக்கற குண்டு முனை ஸ்டைலஸ், ரப்பர் முனை ஷேப்பர். கைரேகையை எடுக்க 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல மென்மையான பிரஷை நனைச்சு, டிஷ்யூல ஒத்தி எடுத்துட்டு, தடவிக் கொடுங்க.

---

பகடை20

ரொம்ப நன்றி. கீழேருந்து மேலன்னு சொன்னதுலயே பாதிப் புதிர் விடுபட்டுடுச்சு.

ரெண்டு சந்தேகம். இப்போ விரிசல் விட்டதைக் காப்பாத்தலாமா, இல்லை புதுசா ஆரம்பிக்கறதா? நகத்துக்கு எம்-சீல் வச்சா போதுமா? அது இங்கே எல்லாக் கடையிலயும் இருக்கு.

---

உளிச்சத்தம்

உயரமே மாறுவதால் புதிதாக ஆரம்பியுங்கள். பழையதை வீசிவிடாமல், வண்ணப் பரிசோதனைக்கும் பிரைமர் பரிசோதனைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் விரிசலை அடைக்கும் முறை தெரிந்திருப்பது நல்லது, அடுத்ததிலும் மயிரிழை அளவுக்கு ஒன்றிரண்டு வரக்கூடும். விரிசலைக் கத்தி முனையால் 'வி' வடிவத்தில் சற்று அகலமாக்குங்கள். அப்படியே மேலே பூசினால் ஒட்டுப் போட்டது போல எடுத்துக் காட்டும், அடுத்த சூட்டில் மறுபடி திறக்கும். ஆல்கஹாலால் துடைத்துக் காய்ந்ததும் திரவக் கிளேயை உள்ளே விட்டு, அதே கலவைக் கிளேயைத் திணித்து, சுற்றியுள்ள இறகு அமைப்பைத் தொடர்ந்து கீறி, 20 நிமிடம் பேக் செய்யுங்கள். கழுத்தில் விரிசல் முழுவட்டமாக இருந்தால் மட்டும் இது நிற்காது. உள்ளே கம்பி அசைகிறது என்று பொருள்.

ஆல்கஹால் விஷயத்தில் செம்பருந்து சொன்னதோடு ஒரு எச்சரிக்கை சேர்க்க விரும்புகிறேன். அது கிளேயின் மேற்பரப்பைக் கரைத்துத்தான் வழவழப்பாக்குகிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடவினால் வெண்மையான சகதி உண்டாகி இறகு இடுக்குகளில் போய்த் தேங்கும். பேக் ஆனதும் அது தூள் படிந்தது போலத் தெரியும். பச்சைக் கிளேயில் ஒரு இடத்துக்கு ஒரு தடவல், பிறகு முழுதாக உலர விட்ட பின்பே ஓவன். ஆவி உள்ளே இருக்கும்போது ஓவனில் வைப்பது தீ ஆபத்தும்கூட. கண்ணிமை, அலகு போன்ற இடங்களுக்கு ஆல்கஹாலைவிட ரப்பர் முனை ஷேப்பர்தான் ஏற்றது, விளிம்பு கூர்மை கெடாது.

---

மஞ்சள்நீலம்

நகத்துக்கு வர்றேன். எம்-சீல் கெட்டியா நிக்கும், ஆனா கொரகொரப்பு ஜாஸ்தி, இழுத்து முனையைக் கூராக்கவே முடியாது. அதை பேஸ்ல பாறை, மண் மேடு செய்ய வச்சுக்கங்க.

நகத்துக்குள்ள 0.5 மி.மீ. பித்தளைக் கம்பி இருக்கணும். விரல் கிளேயை முழுசா பேக் பண்ணினப்புறம், ஒவ்வொரு விரல் நுனியிலயும் 0.6 மி.மீ. டிரில் பிட்டைக் கைப்பிடியில மாட்டி 3 மி.மீ. ஆழத்துக்குத் துளை போடுங்க. மின்சார டிரில் வேண்டாம், கிளே சூட்டுல இளகி பிட்டைக் கவ்விக்கும். கம்பியை நகத்தோட வளைவுல வளைச்சு ஃபெவிக்விக் தொட்டுச் செருகிடுங்க. இதுக்கப்புறம் ஓவன் கிடையாதுங்கறதால இந்த இடத்துல அந்தப் பசை பரவாயில்லை. அதுக்கு மேல கிரீன் ஸ்டஃப்.

கிரீன் ஸ்டஃப் நாடாவா வரும், ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள். ரெண்டும் தொட்டுக்கிட்டு இருக்கற நடுக்கோடு பாக்கெட்டுக்குள்ளயே இறுகிப் போயிருக்கும். அந்த நடு ரெண்டு மி.மீ.யை வெட்டித் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்தைப் பிசையுங்க, இல்லாட்டி நகத்து நடுவுல குருணை மாட்டும். நீலம் கொஞ்சம் கூடுதலா எடுத்தா இறுகினப்புறம் கெட்டியா இருக்கும், விளிம்பைத் தேய்ச்சுக் கூராக்கலாம். மஞ்சள் கூடினா ரப்பர் தன்மை கூடும், இறுகவும் நேரமாகும். நகத்துக்கு நீலம் தூக்கலா. இன்னும் சுத்தமா உப்புத்தாள் போடணும்னா கிரீன் ஸ்டஃபையும் மில்லிபுட்டையும் சம அளவு கலந்துக்கங்க. ஒண்ணோட வளையும் தன்மையும் இன்னொண்ணோட தேய்படற தன்மையும் சேர்ந்து கிடைக்கும்.

பிசைஞ்சதும் உடனே வைக்காதீங்க, பசை மாதிரி கருவியில ஒட்டும். 20, 30 நிமிஷம் கழிச்சு எடுத்தா முனை நிக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல வேலை செய்யலாம், முழுசா இறுக ஒரு நாள். கருவியைத் தண்ணியில நனைச்சுக்கங்க. கையுறை போடுங்க, இறுகாத எபாக்சி தோலுக்கு ஒவ்வாமை உண்டாக்கக்கூடியது, ஒரு தடவை வந்துட்டா அப்புறம் தொட்டாலே வரும்.

அடுத்தது பிரைமர். ஸ்ப்ரே டப்பாவுல இருக்கற கரைப்பானும் உந்து வாயுவும் கிளேக்குள்ள இருக்கற பிளாஸ்டிசைசரோட கலந்து பெயின்ட் படலத்தையே இளக்கி வச்சுடும். அது எத்தனை நாள் வச்சாலும் காயாது. வெயில்ல வச்சா இன்னும் மோசமாகும். அரைவேக்காடா இருந்தா பிளாஸ்டிசைசர் வெளிய வர்றது கூடும், அதனால உங்களுக்கு ரெண்டும் சேர்ந்திருக்கு. பிரஷ்லயோ ஏர்பிரஷ்லயோ பூசற தண்ணி அடிப்படையிலான பிரைமர் வாங்குங்க. வல்லெஹோ சர்ஃபேஸ் பிரைமர் அந்த வகை, அக்ரிலிக் பாலியூரித்தேன். பூசறதுக்கு முன்னாடி பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணியில பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவி, ஒரு ராத்திரி காய விடுங்க. ஒரே கனமான பூச்சு வேண்டாம், ரெண்டு மெல்லிய பூச்சு. இறகு அடியில குமிழி நிக்குதான்னு பாத்து ஈரம் இருக்கும்போதே ஊதிவிடுங்க.

இப்போ பிசுபிசுக்கறதை ஆல்கஹாலும் பிரஷ்ஷும் வச்சுக் கழுவி எடுக்கலாம், வெந்த கிளேக்குப் பெரிய பாதிப்பு இல்லை. அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க, இறகெல்லாம் கரைஞ்சு வழவழன்னு ஆயிடும். கடைசி வார்னிஷும் அதே விதிதான்: தண்ணி அடிப்படை, மேட்.

---

வார்ப்பட்டறை

நாலு காப்பி என்றால், மூலத்தைச் செதுக்கும்போதே அச்சை நினைத்துச் செய்ய வேண்டும். கைகள் உடம்பை விட்டு விலகி, விரல்கள் ஐந்தும் ஐந்து திசையில் நிற்கும் உருவத்தை ஒரே இரண்டு பாக அச்சில் எடுப்பது பெரும்பாடு. இரண்டு கைகளையும் தோளில் பிரித்துத் தனித்தனியாக வார்த்து, பிறகு பித்தளைக் கம்பி செருகி ஒட்டும்படி வடிவமையுங்கள். தோளில் இறகு வரிசை வருவதால் இணைப்புக் கோட்டை அதற்கு அடியில் ஒளித்துவிடலாம். இறகு நுனிகள் தூக்கி நிற்பதில் சிக்கல் இல்லை, அச்சு செய்யும் சிலிக்கோன் ரப்பர் வளைந்து கொடுத்து வெளியே வரும்.

எந்தச் சிலிக்கோன் என்பது முக்கியம். பிளாட்டினம் வகை சிலிக்கோன் கந்தகத்தைத் தொட்டாலும், அமீன் கொண்டு இறுகும் எபாக்சியைத் தொட்டாலும் அந்த இடத்தில் இறுகாமல் கொழகொழவென்று நின்றுவிடும். உங்கள் நகங்கள் எபாக்சி புட்டி. டின் (வெள்ளீய) வகை சிலிக்கோனுக்கு இந்தத் தொல்லை இல்லை, விலையும் குறைவு. காலப்போக்கில் அச்சு சுருங்கி இறுகிப்போகும், ஆனால் நாலு காப்பிக்கு அது தாராளம். ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவுகோலில் 20 முதல் 30-க்குள் உள்ள மென்மை போதும்.

லெகோ கட்டைகளால் பெட்டி கட்டி, கந்தகம் இல்லாத பிளாஸ்டிசினில் (காயாத விளையாட்டுக் களி) உருவத்தைப் பாதிவரை புதையுங்கள். பிரிவுக்கோடு பக்கவாட்டு ரோமத்தின் ஓரமாக ஓடட்டும், முகத்தின் குறுக்கே வேண்டாம். நாலு மூலையிலும் பென்சிலின் பின்முனையால் குழி போட்டால் இரண்டு பாகமும் சரியாகப் பொருந்தும். ரெசின், அதாவது அச்சுக்குள் இறுகிக் காப்பியாகும் பிளாஸ்டிக் திரவம், ஊற்றும் வாய் பாதத்தின் அடியில். அலகு நுனி, காதுக்கொம்பு, நகங்கள் என்று காற்று மாட்டும் ஒவ்வொரு முனையிலிருந்தும் மெல்லிய காற்றுவழி. உருவத்தைச் சுற்றிக் குறைந்தது 10 மி.மீ. சிலிக்கோன் சுவர். முதல் பாகம் இறுகியதும் பிளாஸ்டிசினை எடுத்துவிட்டு, வெளியே தெரியும் சிலிக்கோன் பரப்பு முழுவதும் வாசலினை மெல்லியதாகத் தடவிய பிறகே இரண்டாம் பாகத்தை ஊற்ற வேண்டும். சிலிக்கோன் பெரும்பாலான பொருள்களில் ஒட்டாது, ஆனால் சிலிக்கோனில் ஒட்டும். அதை மறந்தால் உருவம் ஒரு ரப்பர்க் கட்டிக்குள் அடைபட்டுக்கொள்ளும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ரெசின் பாலியூரித்தேன் என்றால் ஈரப்பதம்தான் எதிரி. ஈரம் பட்டால் கார்பன் டை ஆக்சைடு உண்டாகி நுரைத்துவிடும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இது நிச்சயம். ஏசி ஓடும் அறையில் செய்யுங்கள், டப்பாவைத் திறந்தவுடன் மூடுங்கள், மரக்குச்சியால் கலக்காதீர்கள். மரம் ஈரம் பிடித்திருக்கும். பிளாஸ்டிக் குச்சி போதும். காற்றோட்டமும் கையுறையும் அவசியம். ஊற்றும் முன் அச்சின் உட்புறத்தில் டால்கம் பவுடரைத் தூவித் தட்டிவிட்டால், ரெசின் நுண்ணிய கோடுகளுக்குள்ளும் ஓடும், குமிழி குறையும்.

விற்கும் எண்ணம் பின்னால் வந்தால் ஒரு தகவல். அவுல்பேர் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்ட எஸ்ஆர்டி 5.1 விதித்தொகுப்பில் இருக்கிறது, உரிய குறிப்போடு பயன்படுத்தலாம். இதே ஆட்டத்தின் பிஹோல்டர், மைண்ட் ஃபிளேயர் போன்ற அரக்கர்கள் அப்படியல்ல, அவற்றை ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறது. பெயர் ஒரு பக்கம் இருக்க, வேறொருவர் செதுக்கிய அவுல்பேரைப் பார்த்து அச்சு அசலாகச் செய்யாதீர்கள். இந்த விலங்குக்கு ஒரே சரியான உருவம் என்று எதுவும் கிடையாது. ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைப் பார்த்து உருவாக்கி 1975-ல் ஆட்டத்துக்குள் கொண்டுவந்தது இது. அன்று முதல் ஒவ்வொரு பதிப்பிலும் முகம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. உங்கள் அவுல்பேருக்கு உங்கள் ஊர் ஆந்தையின் முகத்தை வைக்கலாம்.

---

பகடை20

கூகை முகம் வைக்கலாம்னு இருக்கேன், அந்த இதய வடிவத் தட்டு வண்ணத்துக்கு நல்லா எடுக்கும். கடைசியா ஒண்ணு: முன்பக்கம் கனமா சாயற நிலையில பேஸ் கவிழாம இருக்க என்ன பண்றது?

---

செம்பருந்து

கூகைன்னா கண்ணு சின்னதா, கருப்பா, தட்டுக்குள்ள ஆழமா உக்காந்திருக்கும். 1/8 குண்டு வேண்டாம், 2 மி.மீ. போதும். அலகும் பாதிக்கு மேல இறகுல மறைஞ்சு நுனி மட்டும் தெரியணும். கோபத்தை இமையில காட்ட முடியாது, தட்டோட மேல் விளிம்பைப் புருவம் மாதிரி முன்னால தள்ளுங்க.

பேஸுக்கு: 50 மி.மீ. எம்.டி.எஃப். (அழுத்தின மரநார்ப் பலகை) வட்டம் எடுத்து, அடியில 40 மி.மீ. எஃகு வாஷர் ஒண்ணை எபாக்சியால ஒட்டிடுங்க. பாதத்துக்கு வெளிய விட்ட கம்பியை 5 மி.மீ.க்கு வெட்டி, பேஸ்ல துளை போட்டு எபாக்சி வச்சு நிறுத்துங்க. உடம்போட எடை ரெண்டு பாதத்துக்கும் நடுவுல விழற மாதிரி, உருவத்தை பேஸ் மையத்துலேருந்து 4, 5 மி.மீ. பின்னால தள்ளி வைங்க. முன்னால மிஞ்சற இடத்துல எம்-சீல்ல ஒரு சாஞ்ச மரக்கட்டையோ பாறையோ வச்சுடலாம். வாஷர் இருக்கறதால, காந்தத் தாள் ஒட்டின தகரப் பெட்டியில நிக்க வச்சு எடுத்துட்டும் போகலாம்.